பொந்தானா செட்டு

குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன போட
என்று கேட்டான் தம்பி.
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில்
பாஸ்போர்ட் படிவம் நிரப்புகிறவள் நான்.
நாள் முழுக்க ஊராரின் அப்பாக்களை
அந்தக் கட்டத்துக்குள் தள்ளிக்கொண்டிருப்பேன்.
ஒற்றை எழுத்தாய் முன்னால் நின்றவர்கள்
முழுப் பெயராகிப் பின்னால் போய் நிற்பார்கள்.
எங்களுக்கு மட்டும் அந்தக் கட்டத்துக்கென்றே
ஒன்று இருந்தது.

பொந்தானா.

ரேஷன் கார்டில் பொந்தன்னா.
அப்பாவின் ரயில்வே பென்ஷன் புத்தகத்தில் பொன்தானம்.
யாரோ நல்ல மனசுக் குமாஸ்தா
தங்கமும் கொடையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.
பள்ளிக்கூடத்தில் வெறும் பொந்து.
உள்ளே என்னடி, ஆந்தையா?
ஏற்காட்டுக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும்
முதல் எழுத்துக்கு முன் மூன்று புள்ளி,
களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டை போல:
ஃபொந்தானா.
கொண்டை ஊசி வளைவு இருபதையும் இறங்கி
சேலம் வந்து சேர்வதற்குள்
புள்ளிகள் எங்கோ உருண்டுவிட்டன.

எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை சின்னது.
இத்தாலியிலிருந்து ஒருவன்
பல்ப்பர் மிஷின் பூட்ட மலைக்கு வந்தான்.
பெரிய மூக்கு.
ஞாயிறு பூசை முடிந்து
தட்டுவடை செட்டுத் தட்டைக் கையில் வைத்தபடி
ஒருவர் முகத்தை ஒருவர்
பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்போம்.
பெரியப்பா மகள் ஃப்ளோரிக்கு இருக்கிறதாம்.
எனக்கு இல்லை.

தம்பிக்கு ஜெனோவாவில் வேலை,
கப்பல் பட்டறையில் வெல்டர்.
சொந்த ஊருக்குத்தானே போறேன், என்றான்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு சான்று வேண்டுமென்று
நாகலூர் பஸ் பிடித்துப் போனேன்.
எஸ்டேட் ஆபீஸ் பரண்மேல்
கரையான் தின்றது போக மிச்சமிருந்த செக்ரோல்களை
மாதையன் இறக்கிக் கொடுத்தார்.
தும்மிக்கொண்டே புரட்டினேன்.
ஒரு பக்கத்தின் தலையில் அவன் பெயர்.
கீழே நாற்பத்தொரு ஆள்.

சடையன். பெருமாயி. இன்னொரு சடையன்.
அடித்துத் திருத்திய ஒரு ராக்காயி.
மிஷினுக்குக் கல் சுமந்தவர்கள்,
தண்ணீருக்குக் கால்வாய் வெட்டியவர்கள்.
ஐந்தாம் வரியில் சவரி.
திங்கள் முதல் வெள்ளி வரை ஆள் ஒன்று, அணா நாலு.
சனிக்கிழமை: வரவில்லை.

அவர் எங்கள் பூட்டன்.

மிஷின்காரன் பதினெட்டு மாதத்தில் போய்விட்டான்.
செட்டு போகவில்லை.
விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவனுக்கு
நாற்பத்தொன்றைவிட ஒன்று சுலபம்.
பொந்தானா செட்டு, மேல் காட்டுக்கு.
பொந்தானா செட்டு, மிளகுக்கு.
பாதிரியார் கேட்டபோதும் அதையே சொன்னார்கள்.
பிறகு அது மலை இறங்கி
வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் போனது,
சூரமங்கலம் ரயில் காலனிக்கு,
குவைத் ஆஸ்பத்திரி ஒன்றின் இரவு ஷிப்டுக்கு,
பெர்த்தில் யாரோ வாங்கிய வீட்டின் தபால்பெட்டிக்கு.

மூக்கு வழியாக வரவில்லை.
பேரேட்டு வழியாக வந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு
அந்தச் சனிக்கிழமைதான் ஓடிக்கொண்டிருந்தது.
காய்ச்சலா, குடியா, சேர்வராயன் கோயில் திருவிழாவா,
சும்மா வெயிலில் மல்லாந்து கிடந்தாரா?
அந்த ஒரு நாள்
அவர் யாருடைய ஆளும் இல்லை.

தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, கட்டத்தில் அடித்தேன்.

ஜெனோவாவிலிருந்து நேற்றுக் கூப்பிட்டான்.
அட்டை கொடுக்கிற சன்னலில் ஒரு பெண்
பெயரைப் பார்த்ததும் சிரித்து
மடமடவென்று ஏதோ பேசினாளாம்.
இவன் தலையாட்டியிருக்கிறான்.
அக்கா, நம்ம பேருக்கு ஊற்றுன்னு அர்த்தமாம்.
தெருவில தண்ணி கொட்டுற இடத்தையும்
அப்படித்தான் சொல்றாங்க.

எங்கள் தெருவில் ஆறு நாளைக்கு ஒருமுறை.
குடங்களை வரிசையில் போட்டுவிட்டுத்தான்
பேசிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போகாதே, என்றேன்.
ஏன், என்றான்.

குழாய் இருமியது.
அப்புறம் பேசுகிறேன்.